வாலண்ணன் எழுதிய கழுகு

நாற்பத்தேழு வயதில், தலை பாதி நரைத்து, மூக்குக் கண்ணாடியும் போட்ட ஒரு மனிதரை ஊர் கூடி 'வால்' என்று அழைப்பது லேசான சாதனை அல்ல. பிள்ளைகள் இந்தப் பட்டத்தை ஏழு வயதில் வாங்கி, மீசை முளைக்கும்போது திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். இவர் குறும்பு செய்து வாங்கவில்லை. வானத்தில் எது பறந்தாலும் "வாலைப் பாருங்க, வாலைப் பாருங்க" என்று பக்கத்திலிருந்தவர்களின் கழுத்தை நிமிர்த்தியே வாங்கினார். லாரி ஓட்டுநர்களில் மரியாதை தெரிந்தவர்கள் வாலண்ணன் என்பார்கள். தெரியாதவர்கள் அதில் பாதியைச் சேமித்துக்கொள்வார்கள்.

உத்தியோகம், நகராட்சிக் குப்பைக் கிடங்கின் வாசலில் எடைமேடை எழுத்தர். லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும். உள்ளே போய்க் கொட்டிவிட்டு வந்து மறுபடியும் ஏறி நிற்கும். முதல் எடையிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், ஊர் அன்றைக்குத் தின்றது போக மிச்சம் எவ்வளவு என்று தெரியும். அந்த எண்ணை எழுதுவதற்காக ஒரு தகர அறை, ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, மின்விசிறியைச் சற்றும் பொருட்படுத்தாத ஐந்நூறு ஈக்கள். தண்ணீர் தம்ளரைத் தட்டால் மூடி, தட்டின்மேல் கல் வைத்திருப்பார். குடிப்பதற்கு முன் கல்லைத் தூக்கி, தட்டைத் தூக்கி, தம்ளருக்குள் ஒருமுறை பார்த்து, பிறகு குடிக்காமல் விட்டுவிடுவார். பத்தொன்பது வருடம் இப்படி.

நாற்றத்துக்கு அங்கே நேர அட்டவணை உண்டு. காலை ஏழு மணிக்கு மார்க்கெட்டின் அழுகிய காய்கறி. ஒன்பதுக்கு ஆஸ்பத்திரிப் பக்கத்து லாரி. அதைப்பற்றி எழுத வேண்டாம். பத்தரைக்குக் கோழிக்கடைகளின் குடலும் தோலும் தலையும், வண்டியின் பின்கதவு வழியாகச் சொட்டிக்கொண்டே வந்து சேரும். மூன்று மணிக்கு மேல் எது எதனுடைய நாற்றம் என்று யாராலும் பிரிக்க முடியாது. எல்லாம் கூட்டணி அமைத்துவிடும். குப்பை மலையின் அடியில் ஒரு கறுப்புத் தண்ணீர் எந்நேரமும் கசிந்து, நகராட்சியின் எந்தத் திட்டத்தையும்விட ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்.

இந்தச் சொர்க்கத்தின்மேல்தான் நானூறு பருந்துகள் வட்டமடித்தன. இரண்டு லாரிகளுக்கு நடுவே மனிதர் எங்கேதான் பார்ப்பார்? கீழே பார்க்க முடியாது, சாப்பாடு இறங்காது. நேரே பார்த்தால் குப்பை மலை. அதனால் மேலே பார்த்தார். மூன்றாம் வருடம் குப்பையிலிருந்தே ஒரு பைனாகுலர் கிடைத்தது. இடது கண்ணாடிக்குள் பூஞ்சை படர்ந்திருந்ததால் வலது கண்ணால் மட்டும் பார்த்தார். நாலாம் வருடம் ஒரு பறவைப் புத்தகமும் வந்து சேர்ந்தது. வாத்தும் கொக்கும் இருந்த பக்கங்களை யாரோ எதற்கோ கிழித்துவிட்டிருந்தார்கள். இரைகொல்லிப் பறவைகளின் பக்கங்கள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தப்பியிருந்தன. எதனால் ஒட்டியிருந்தன என்று அவரும் சொல்லவில்லை, கேட்டவர்களும் வற்புறுத்தவில்லை. நீராவி காட்டி ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து எடுத்து, ஒரு மனிதர் இரைகொல்லிகளில் மட்டும் நிபுணரானார். வாத்தைக் காட்டினால் "கோழியா?" என்பார்.

அவருடைய சாஸ்திரம் சுருக்கமானது. நிறத்தை நம்பாதே. சூரியனுக்கு எதிரே பறந்தால் எல்லாமே கறுப்புதான். அளவையும் நம்பாதே, வெறும் ஆகாயத்தில் அளந்து பார்க்கப் பக்கத்தில் வேறு பொருள் கிடையாது. இறக்கையை எப்படிப் பிடித்திருக்கிறது, நுனியில் விரல் மாதிரி எத்தனை இறகு பிரிந்திருக்கிறது, எத்தனை முறை அடித்துவிட்டு எவ்வளவு நேரம் மிதக்கிறது, இவற்றைப் பார். வல்லூறு நாலு அடி அடித்து ஒரு சறுக்கு சறுக்கும். கழுகு கதவுப் பலகையைப் போல இறக்கையை விரித்துவிட்டுச் சும்மா கிடக்கும், அடிப்பதே கௌரவக் குறைச்சல் என்பதுபோல. எல்லாவற்றுக்கும் மேலே, வால். பருந்தின் வால் நுனி மீன்வாலைப் போல உள்வாங்கி வெட்டியிருக்கும். அதிலும் ஒரு சூட்சுமம்: விசிறியாக விரித்தால் அந்த வெட்டு மறைந்து நேராகத் தெரியும், புதிதாகப் பார்ப்பவர்கள் கவிழும் இடம் அது. ஆனால் பருந்து சும்மா இருக்காது. சைக்கிள் பழகுகிறவன் ஹேண்டில்பாரை ஆட்டுவதுபோல வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டே பறக்கும். கழுகு திருகாது.

இதெல்லாம் தெரிந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு சொல் அருவருப்பு. குடல், பூஞ்சை, கறுப்புத் தண்ணீர் எதற்கும் முகம் சுளிக்காதவர், யாராவது மேலே கைகாட்டி "அதோ கழுகு" என்றால் வாயில் ஈ புகுந்தவரைப்போல ஆகிவிடுவார். ஏனென்றால் ஊரில் எல்லோருக்கும் எல்லாமே கழுகு. பருந்து கழுகு, வல்லூறு கழுகு, சற்றுப் பெரிய காக்கை கழுகு.

"கழுகு இல்ல சார், பருந்து."

"எல்லாம் ஒண்ணுதானே?"

"உங்க வீட்டு நாயும் நரியும் ஒண்ணா சார்?"

இப்படிப் பேருந்தில் நடத்துநரிடம், முடிவெட்டும் கடையில், ஒருமுறை சவ ஊர்வலத்தில் கூட. இதனால் நண்பர்கள் குறைந்தார்கள். இருந்த சிலரும் நாற்றத்தால் குறைந்தார்கள்.

நாற்றம் அவருடைய குடும்பத்தில் ஒரு தனி உறுப்பினர். அவர் வீட்டுக்குள் வரும் முறையை மனைவி வகுத்திருந்தார்: பின்வாசல், சட்டையைக் கழற்றி வாளியில் போடுவது, இரண்டு முறை சோப்பு, பிறகு மனைவி நாலடி தூரத்தில் நின்று மோந்து பார்த்து அனுமதி. அனுமதி கிடைத்த பிறகும் பாய் தனி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார்கள். சகலை வங்கியில் மேலாளர். வாலண்ணன் சோபாவில் உட்கார்ந்ததும் சகலை எழுந்து, ஏதோ காற்று வாங்குகிறவரைப்போல ஜன்னலைத் திறந்தார்.

"இன்னிக்கு ரொம்பப் புழுக்கம் இல்ல?" என்றார் சகலை, ஏசி ஓடிக்கொண்டிருந்த அறையில்.

மனைவியின் முகம் செத்துப்போயிற்று. அந்த அம்மாவுக்கு நகையில்லை, மாடி வீடில்லை என்பதெல்லாம் குறையே அல்ல. தங்கை வீட்டு ஜன்னல் திறந்ததுதான் குறை. திரும்பும் வழியில் சொன்னார்:

"பூங்கா ஆபீசுக்கு மாத்தல் கேளுங்கன்னு எத்தனை வாட்டி சொல்றேன்? செடிக்குத் தண்ணி விடறதை மேற்பார்வை பாக்கற வேலை. ரோஜா வாசனையோட வீட்டுக்கு வரலாம்."

"மனு குடுத்திருக்கேன்ல."

"மனு குடுத்தா போதுமா? ஆளைப் பிடிக்கணும். நீங்க பருந்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க. இன்னும் ஒரு வருஷம் பாப்பேன். அப்புறம் நான் எங்கம்மா வீட்டுல போய் உக்காந்துக்கறேன். நீங்களும் அந்தப் பாயும் சந்தோஷமா இருங்க."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த அம்மா விளையாட்டுக்குச் சொல்லும்போது "என்னங்க" போடுவார், இதில் போடவில்லை.

பிடிக்க வேண்டிய ஆள், நகராட்சியின் சுகாதார அதிகாரி. மாறுதல் உத்தரவுகள் அவர் மேஜையில்தான் முட்டை வைத்துக் குஞ்சு பொரிக்கும். அவர் ஊர்ப் பறவை நோக்கர் கழகத்தின் தலைவரும்கூட. இந்தக் கழகத்தைப்பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும், வயிற்றைப் பிடித்துக்கொண்டாவது. ஞாயிறு காலையில் பதினேழு பை வைத்த மேல்சட்டைகளோடும், பீரங்கிபோல் லென்ஸ் மாட்டிய கேமராக்களோடும் பத்துப்பேர் கிளம்புவார்கள். பறவையைப் பார்ப்பது நோக்கமல்ல. பார்த்ததாகப் பட்டியலில் குறிப்பது நோக்கம். ஒரு பறவை கிளையில் உட்கார்ந்து குஞ்சுக்கு ஊட்டிக்கொண்டிருந்தால் "ஏற்கெனவே பாத்தாச்சு" என்று முதுகைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த வருடம் சுகாதார அதிகாரியும் ஒரு பல் டாக்டரும் ஆளுக்கு இருநூற்றுப் பதினோரு வகை பார்த்துச் சமநிலையில் இருந்தார்கள். ஒரே ஒரு பறவை வித்தியாசத்தில் ஒருவர் மற்றவரைக் காலமெல்லாம் கீழே பார்க்கலாம். பெரிய மனிதர்களின் மனதில் எவ்வளவு பெரிய லட்சியங்கள் இருக்கின்றன பாருங்கள்.

கிடங்கில் இரைகொல்லிகள் அதிகம் என்பதால் அதிகாரி அங்கே வரத் தொடங்கினார். வந்த முதல் நாளே கோழிக்குடல் குவியலைக் கண்டு கைக்குட்டையை மூக்கில் அழுத்தி, "என்னய்யா இது, மனுஷன் நிக்கற இடமா? பிளீச்சிங் பவுடர் போடச் சொல்லு. மூட்டை மூட்டையாப் போடு!" என்று உத்தரவிட்டார். அன்றுமுதல் குடல் குவியல்மேல் வெள்ளைப் பொடி கொட்டப்பட்டது. நாற்றம் போகவில்லை, ஆஸ்பத்திரி நாற்றமும் சேர்ந்துகொண்டது.

அடுத்த வாரம் அந்தக் குவியலில் ஒரு இளம் பருந்து குடலை இழுத்துக்கொண்டிருந்தபோது, அதே குடலின் மறுமுனை கிடங்கு நாயின் வாயில் இருந்தது. இழுபறி முற்றி, நாய் குடலை விட்டுவிட்டு வாலைக் கவ்வியது. பருந்து கதறிக்கொண்டு கிளம்பியது. வாலின் இரண்டு ஓரத்து இறகுகளும் நாயின் வாயில் தங்கிவிட்டன. பொடியில் புரண்டதால் இறக்கைமேல் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள். வாலண்ணன் தகர அறை ஜன்னலிலிருந்து இதை முழுக்கப் பார்த்தார். அன்றைய லாரி எண்ணைக்கூட வாலண்ணன் மறந்திருக்கலாம், இதை மறக்கவில்லை.

ஓரத்து இறகு போனால் மீன்வால் போய்விடும். மிச்சமிருப்பது குட்டையான வட்ட வால். மூன்றாம் நாள் சுகாதார அதிகாரி வந்து, மேலே பார்த்து, மூக்கிலிருந்த கைக்குட்டையையே மறந்து எடுத்துவிட்டார்.

"வட்ட வால்! மேல புள்ளி! புள்ளிக்கழுகுய்யா அது!"

படபடவென்று எழுபது படம் எடுத்தார். புள்ளிக்கழுகு அந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத அரிய பறவை. வாலண்ணனுக்கு நாக்கு துறுதுறுத்தது. பறவை அப்போதும் அந்த மொட்டை வாலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருகிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் படத்தில் வால் திருகாது அல்லவா? படத்தில் அது அசல் கழுகாக, கம்பீரமாக, உறைந்து நின்றது.

கழக விதிப்படி அரிய பறவைக்கு இரண்டாவது சாட்சி வேண்டும். பல் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார். வேண்டுமானால் அதிகாரியின் கடைவாய்ப் பல்லை இலவசமாகப் பிடுங்குவார். சாட்சி உறவினராக இருக்கக்கூடாது என்று விதி இருந்தது. கீழே வேலை செய்கிறவராக இருக்கக்கூடாது என்று இல்லை. விதியை எழுதியவர் அதிகாரியேதான்.

மறுநாள் அவர் தகர அறைக்குள் வந்து, நாற்காலியைத் துடைத்து, உட்காராமல் நின்றார்.

"உனக்குப் பருந்து கிருந்தெல்லாம் நல்லாத் தெரியுமாமே?"

"கொஞ்சம் தெரியும் சார்."

"பூங்கா ஆபீஸ்ல ஒரு இடம் காலியாகுது. உன் மனு என் மேஜையில இருக்கு, தூசி தட்டி வெச்சிருக்கேன். இந்தப் படிவத்துல பாத்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு நாளைக்குக் குடு. அவசரமில்ல. காலையில பத்து மணிக்குள்ள."

வாலண்ணன் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப் போனார். பின்வாசல், வாளி, சோப்பு எல்லாம் முடிந்து மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கழுகுன்னு எழுதிக் குடுத்துட்டு வாங்க."

"அது பருந்து."

"சரி, பருந்து. நம்ம தெருவுல யாரையாவது கூப்பிட்டு அதைக் காட்டினா என்னம்பாங்க?"

"...கழுகும்பாங்க."

"நடத்துநர்?"

"கழுகு."

"உங்க சகலை?"

"அந்தாளு காக்காவையே கழுகும்பாரு."

"ஊரே கழுகுன்னு சொல்லும்போது நீங்க ஒருத்தர் எழுதினா மட்டும் பொய்யாயிடுமா? புள்ளின்னு எழுதாதீங்க. வெறும் கழுகுன்னு எழுதுங்க. அது தமிழ்தானே?"

நாட்டின் நீதிமன்றங்களில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு வாதாடுகிற பலருக்கு இந்த அம்மாவின் திறமையில் கால்பங்கு இல்லை. வாலண்ணன் வெகுநேரம் படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் 'பறவையின் பெயர்' என்ற இடத்தில் மூன்றே எழுத்து எழுதினார்: கழுகு. எழுதிவிட்டுக் கை கழுவப் போனார். குடலைத் தொட்டபோதுகூட அவ்வளவு தேய்த்துக் கழுவியதில்லை.

மறுநாள் அதிகாரி படிவத்தைப் பார்த்தார்.

"கழுகு சரி. புள்ளி எங்கய்யா?"

"நான் பாத்த வரைக்கும் அவ்வளவுதான் சார்."

"மேல புள்ளி புள்ளியா இருந்துச்சே!"

"அது நீங்க போடச் சொன்னது சார்."

"எது?"

"ஒண்ணுமில்ல சார். நீங்களே வெச்சுக்குங்க."

அதிகாரி பேனாவை எடுத்து, கழுகுக்கு முன்னால் இருந்த இடத்தில் 'புள்ளிக்' என்று நெருக்கி எழுதிக்கொண்டார். பறவையின்மேல் புள்ளி வைத்தவரும் அவர்தான். படிவத்தில் புள்ளி வைத்தவரும் அவர்தான். வாலண்ணன் மாறுதல் உத்தரவைக் கேட்டபோது, "மேல் சரிபார்ப்புக் குழு ஒத்துக்கட்டும், மறுநாளே கையெழுத்து" என்றார்.

விஷயம் செய்தித்தாளில் வந்தது. அடுத்த ஞாயிறு முதல் கிடங்கின் வாசலில் கார்கள். வாசனைத் துணியை மூக்கில் கட்டிய கனவான்கள், குழந்தைகளைத் தோளில் தூக்கிய அப்பாக்கள், சாப்பாட்டு மூட்டையோடு ஒரு கல்லூரி வண்டி. எல்லோரும் லாரி வரும் வழியிலேயே நின்றுகொண்டு, வாந்தி எடுத்து, வாயைத் துடைத்து, கேமராவைத் தூக்கினார்கள். பார்வையாளர்களுக்குக் கழுகைக் காட்டும் கூடுதல் பொறுப்பு எடைமேடை எழுத்தருக்கு என்று வாய்மொழி உத்தரவு. பத்தொன்பது வருடமாக யார் வாயில் கேட்டாலும் குமட்டிய அந்தச் சொல்லை, இப்போது ஒரு நாளைக்கு நாற்பது தடவை அவரே சொல்ல வேண்டும்.

"அதோ, கம்பத்துமேல. க... கழுகு."

கோழிக் கழிவு லாரி ஓட்டுநர் ஜன்னலிலிருந்து தலையை நீட்டினான்.

"என்னண்ணே, நம்ம நாய்கிட்ட வாலைக் குடுத்துட்டுப் போச்சே, அதுவா?"

"வண்டியை மேடையில ஒழுங்கா நிறுத்து."

"நிறுத்தறேன் நிறுத்தறேன். நாளைக்கு நம்ம நாயையும் புலின்னு எழுதிக் குடுத்துருங்கண்ணே. அதுக்கும் ஒரு நல்லது நடக்கட்டும்."

வாலண்ணன் எடையை எழுதிக்கொண்டார். அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி காரணம் கேட்டார். "என்னமோ நாறுது" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து அந்தப் புகார் வந்தது அதுதான் முதல் தடவை.

இதற்கிடையில் பருந்து, தன் கௌரவத்தைப்பற்றி எதுவும் தெரியாமல், இறகு வளர்த்துக்கொண்டிருந்தது. பிடுங்கிய இறகு மறுபடி முளைக்கும்; ஆறேழு வாரத்தில் ஓரங்கள் நீண்டு மீன்வால் திரும்பிவிட்டது. நடுவே இரண்டு நாள் கொட்டிய மழையில் பொடி கரைந்து புள்ளிகளும் போயின. சரிபார்ப்புக் குழு வந்தது அதற்கு மறுவாரம்.

குழு என்பது உண்மையில் ஒரே ஒருவர், ஓய்வுபெற்ற விலங்கியல் பேராசிரியை. இரைகொல்லிகளைப்பற்றி இரண்டு தடித்த புத்தகம் எழுதியவர். இரண்டையும் ஏசி அறையில் எழுதியவர். கார் கிடங்கு வாசலுக்கு வந்தது. அம்மா கதவை நாலு விரற்கடை திறந்தார். காலைப் பத்தரை மணி. கோழி லாரி அப்போதுதான் சொட்டிக்கொண்டே போயிருந்தது. கதவு திறந்த வேகத்தைவிட வேகமாக மூடிக்கொண்டது. பேராசிரியை காருக்குள்ளிருந்தே, கறுப்பு ஒட்டிய கண்ணாடி வழியாக, ஆகாயத்தை ஆராய்ந்தார். அதிகாரி வெளியே குனிந்து நின்று, கைகாட்டி, படங்களைக் கண்ணாடியில் ஒட்டவைத்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

வாலண்ணன் தகர அறை வாசலில் நின்றார். உத்தரவு அதிகாரியின் சட்டைப் பையில் மடித்து இருந்தது. அதன் நுனி அவருக்குத் தெரிந்தது. சும்மா நின்றால் போதும். வாயைத் திறக்கவே வேண்டாம். நாளைக்கு ரோஜா.

அந்த நேரம் பார்த்துப் பருந்து காரின்மேல் தாழ்ந்து வந்தது. வாலை இடப்பக்கம் ஒரு திருகு. வலப்பக்கம் ஒரு திருகு. நுனி கத்தரித்த மாதிரி அவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தது. இதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவரால் முடியவில்லை. கொட்டாவியை அடக்கலாம், தும்மலை அடக்க முடியாதல்லவா? ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அம்மா, வாலைப் பாருங்கம்மா! பருந்தும்மா அது! வெறும் பருந்து!"

கண்ணாடி ஒரு அங்குலம் இறங்கியது.

"யாருப்பா நீ?"

"சாட்சிம்மா. நான்தான் சாட்சி. நாய் வாலைக் கடிச்சிருச்சும்மா, அதான் வட்டமாத் தெரிஞ்சுது. புள்ளி வந்து பிளீச்சிங் பவுடர். இப்ப வால் முளைச்சிருச்சு, நீங்களே பாருங்க. கொஞ்சம் வெளியே வந்து ஒரு நிமிஷம்..."

பேராசிரியை மேலே பார்க்கவில்லை. மடியிலிருந்த படிவத்தைப் பார்த்தார்.

"இந்தக் கையெழுத்து உன்னுதா?"

"ஆமாம்மா."

"கழுகுன்னு எழுதினது உன் கையா?"

"கழுகு என் கை. புள்ளி சார் கை."

"அப்ப இன்னிக்கு ஏன் மாத்திப் பேசற? பறவையை முதல்ல பாத்தப்ப எழுதின குறிப்புதான்பா ஆதாரம். அப்புறம் ஞாபகத்துல சொல்றதெல்லாம் செல்லாது. அதை என் ரெண்டாவது புத்தகத்துலயே எழுதியிருக்கேன்."

"ஞாபகம் இல்லம்மா, இதோ தலைக்கு மேலயே..."

"நாத்தம் தாங்கலை," என்றார் பேராசிரியை, கண்ணாடி ஏறிவிட்டது. அரிய பறவை காருக்குள்ளேயே அங்கீகரிக்கப்பட்டது. கார் திரும்பும்போது பின்சக்கரம் கறுப்புத் தண்ணீரை வாரி வாலண்ணன் இடுப்புவரை அடித்துவிட்டுப் போனது.

அதிகாரி அவரை முறைத்த முறைப்பில் குடல் குவியலே கருகியிருக்கும். ஆனால் அவர் கெட்டிக்காரர். கழுகு புகழ்பெற்றுவிட்டது, இந்த ஆள் வாசலில் இருந்தால் தினமும் நாற்பதுபேரிடம் பருந்து பருந்து என்று உளறுவான். தொலைவில் அனுப்பவேண்டும். தொலைவில் காலியாக இருந்தது பூங்கா ஒன்றுதான்.

இரண்டு நாள் கழித்து உத்தரவு வீட்டுக்கே வந்தது. மனைவி வாங்கிப் பிரித்தார். முதல் வரியைப் படித்ததும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பூங்காங்க! என்னங்க, பூங்கா!"

வாலண்ணன் வாங்கி மிச்சத்தையும் படித்தார். 'பறவைகளைச் சரிவர அடையாளம் காணும் திறன் அன்னாருக்கு இல்லாத காரணத்தினால், அரிய பறவை வாழும் மேற்படி கிடங்கில் அவரைத் தொடர்ந்து பணியமர்த்துவது பொருத்தமற்றதெனக் கருதி, பூங்கா அலுவலகத்துக்கு மாற்றப்படுகிறார். மேற்கண்ட காரணத்தை ஏற்றுக் கீழே கையொப்பமிட்டு இன்று மாலைக்குள் திருப்பி அனுப்பவும்.'

"இதுல கையெழுத்துப் போட முடியாது."

"ஏன்?"

"எனக்குப் பறவை தெரியாதுன்னு போட்டிருக்கான்."

"தெரியாதுன்னே இருக்கட்டுமே. தெரிஞ்சு என்ன கிழிச்சோம்?"

"ஏம்மா, எனக்குத் தெரிஞ்சது உலகத்துல அது ஒண்ணுதான்."

மனைவி உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நாலடி தூரத்தில் அல்ல, பக்கத்தில். அன்று வாலண்ணன் இன்னும் குளித்திருக்கவில்லை. அந்த அம்மா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டுக்கொண்டு, அவர் கையில் பேனாவைக் கொடுத்தார்.

"எனக்குத் தெரியும்ங்க, உங்களுக்குத் தெரியும்னு. போதாதா?"

போதாது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. ஆனால் மூச்சைப் பிடித்து அவ்வளவு நேரம் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது வாதாட முடியாது. அந்த அம்மா நீலம் பாரித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போட்டார்.

இப்போது பூங்காவில் இருக்கிறார். சலவைச் சட்டை, ரோஜாப் பாத்திகள், பக்கத்திலேயே சுத்தமான குழாய்த் தண்ணீர். மாலையில் மனைவி வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். முகத்தில் சொல்ல முடியாத நிம்மதி. பார்த்தால் சுபமான முடிவு என்றே தோன்றும், வயிற்றைப் புரட்டும் அளவுக்குச் சுபம். போன வாரம் ஒரு பெரியவர் நடைப்பயிற்சியை நிறுத்தி, மேலே பார்த்து, அவரைக் கேட்டார்:

"ஏன் சார், அது என்ன, கழுகா?"

குடைபோல விரிந்த மரங்களுக்கு மேலே, வாலைத் திருகிக்கொண்டு, சந்தேகத்துக்கே இடமில்லாமல் ஒன்று போய்க்கொண்டிருந்தது. வாலண்ணன் தலையைத் தூக்கவில்லை. ரோஜாச் செடியில் இருந்த பூச்சியைப் பொறுக்கிக் கீழே போட்டு, செருப்பால் தேய்த்தார்.

"எனக்குப் பறவை தெரியாதுங்க," என்றார். "ஆர்டர் இருக்கு."